மேடத்திடம் சொல்ல வேண்டியது

துபாய் சத்வாவில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஆங்கிலம் நான்தான். பாங்குக்கு, கம்பெனிக்கு, தூதரகத்துக்கு என்று யாருக்கு என்ன கடிதம் வேண்டுமென்றாலும் என் அறைக் கதவைத்தான் தட்டுவார்கள். தேராவில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக ஆங்கிலக் கடிதம் எழுதித்தான் வயிறு வளர்க்கிறேன். வீட்டுக்கு வந்தும் அதே பிழைப்பு. ஆகவே போன பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் கார்மேகம் அண்ணை வந்து தட்டியபோது, நான் எரிச்சலோடுதான் கதவைத் திறந்தேன்.

எரிச்சலுக்கு வேறு காரணமும் உண்டு. எனக்கும் அவருக்கும் ஆறு வருடமாக ஒரு சண்டை. நடைபாதையின் கோடியில் ஒரு ஜன்னல் இருக்கிறது. நான் அங்கே நின்றுதான் சிகரெட் பிடிப்பேன். திறந்து வைத்துவிட்டு நெருப்புப் பெட்டி எடுக்க உள்ளே போய் வருவதற்குள் அண்ணை அதைச் சாத்தியிருப்பார். ஜன்னல் மட்டுமில்லை, மொட்டை மாடிக் கதவு, படிக்கட்டுக் கதவு, அடுத்த அறைக் கதவு என்று எது திறந்திருந்தாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. கேட்டால், "தூசு வரும் சார்" என்பார். அந்த ஒரு பதிலை ஆறு வருடமாகக் கேட்டிருக்கிறேன்.

அன்றைக்கு அவர் கையில் காகிதம் எதுவும் இல்லை.

"லெட்டர் இல்ல சார். வாயால சொல்லணும். நீங்க கூட வரணும்" என்றார்.

"ஆருக்குச் சொல்ல வேணும்?"

"எங்க மேடத்துக்கு."

நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். "அண்ணை, உங்கட மேடம் செத்து ரெண்டு மாசமாச்சு."

"அதான் சார். ஞாயித்துக்கெழமை எனக்குப் ப்ளைட்டு. விசாவ கேன்சல் பண்ணிட்டாக. அறுவது தாண்டிருச்சு, இனிமே வர முடியாது. சனிக்கெழமை காலையில ஒரு எட்டு அவுகள அடக்கம் பண்ண எடத்துக்குப் போகணும். நான் சொல்றத நீங்க இங்கிலீசுல சொன்னாப் போதும். அவுகளுக்குத் தமிழ் தெரியாதுல்ல."

"விசரே உங்களுக்கு? செத்தவையோட ஆரும் இங்கிலீஷ்ல கதைப்பினமே?"

"வேற எதுல சார் பேசுறது?" என்று அவர் உண்மையாகவே கேட்டார்.

சனிக்கிழமை எட்டு மணிக்குத் தயாராக இருக்கச் சொன்னேன்.

அந்த மேடம் யார் என்பது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். கொரீன் வாட்லி. அமெரிக்காவில் பிறந்து, ஜாஸ் பாட்டில் பெரிய பேர் எடுத்து, வயது ஏறிய பிறகு மூன்று மாத ஒப்பந்தத்தில் துபாய்க்கு வந்தவர். கடலோரத்தில் ஒரு பெரிய ஹோட்டலின் பாட்டு மண்டபத்தில் வாரத்துக்கு மூன்று மாலை பாடினார். மூன்று மாதம் பத்தொன்பது வருடமானது. அவர் இறந்தபோது வெளிநாட்டுப் பத்திரிகைகள் அரைப்பக்கம் எழுதின. அந்தப் பத்தொன்பது வருடமும் அவரை வீட்டிலிருந்து ஹோட்டலுக்கும் ஹோட்டலிலிருந்து வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டவர் முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த கார்மேகம். உலகம் முழுக்கத் தெரிந்த குரலை இவ்வளவு பக்கத்தில் இருந்து கேட்டவர் வேறு யார் என்று நாங்கள் அவரைச் சீண்டுவோம். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்குச் சனிக்கிழமைதான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை என் பழைய காரில் ஏறினோம். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, மடியில் ஒரு பிளாஸ்க் வைத்திருந்தார். டிரைவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கார் ஓட்டுவதைப்போல் தலைவலி வேறொன்று கிடையாது. நான் பிரேக் போடும் முன்பே அவர் கால் தரையை அழுத்தியது. இரண்டாவது சிக்னலில் என் பக்கக் கண்ணாடியை ஏற்றச் சொன்னார். தூசு வருமாம்.

"பிளாஸ்க்கில என்ன?"

"சுக்குத் தண்ணி. அவுகளுக்குத் தொண்டைக்கு நான்தான் போட்டுக் குடுப்பேன். இந்த ஊருல இருக்குற காத்தும் ஏசியும் அவுகளுக்கு ஆகாது. பாட்டு இருக்குற அன்னைக்கு வண்டியில ஏசிய அவுக பக்கம் அடைச்சிருவேன். கதவத் தொறந்தா ஒடனே சாத்திருவேன். கொஞ்சம் தூசு போச்சுன்னா அன்னைக்குப் பூராம் கமறிக்கிட்டே இருப்பாக. அப்புறம் பாட்டு எங்கிட்டுப் பாடுறது?"

"பாட்டெல்லாம் நல்லா இருக்குமே அண்ணை?"

அவர் பிளாஸ்க் மூடியைத் திருகி இறுக்கினார்.

"நான் கேட்டதில்ல சார்."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். டிரைவர்கள் மண்டபத்துக்குள் போகக்கூடாது என்பது ஹோட்டல் சட்டம். மேடத்தை இறக்கிவிட்டுக் கீழ்த்தளத்தில் வண்டியை நிறுத்தி மூன்று மணி நேரம் இருப்பார். முடிகிற நேரத்துக்கு மண்டபத்தின் பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார். வண்டிக்குள்ளே மேடம் பாட மாட்டார். குரலை மட்டும் சரிசெய்வார். வாயை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று கீழேயிருந்து மேலே ஏறி, மறுபடி கீழே இறங்குவார். எந்த சிக்னலில் எந்த உயரத்தில் இருப்பார் என்பது இவருக்கு அத்துப்படி. பாட்டு என்று ஒன்றைக்கூட இவர் உட்கார்ந்து கேட்டதில்லை. போனில் தேடிக் கேட்டிருக்கலாமே என்றேன். "அவுக நேர்ல இருக்கும்போது போன்ல என்னத்துக்கு சார்" என்றார்.

கல்லறைத் தோட்டம் இருக்கும் ஜெபல் அலி கிட்டத்தட்ட வரும்போதுதான், மேடத்திடம் சொல்ல வேண்டியது என்னவென்று சொன்னார்.

அக்டோபரில் மேடத்தின் தொண்டையில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். ஜனவரியில் அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. கார்மேகம் யாரிடமும் சொல்லாமல் ஐயப்பனுக்கு நேர்ந்துகொண்டு, கார்த்திகை முதல் நாள் மாலை போட்டார். அவருடைய குருசாமி சேதுமாதவன் என்று ஓர் ஏசி மெக்கானிக். நாற்பத்தொரு நாள் விரதம், பிறகு ஊருக்குப் போய் மலை ஏறி, மேடத்தின் பேருக்கு நெய் அபிஷேகம். டிரைவர் உடுப்பே கறுப்பு என்பதால் உடையில் பிரச்சினை இல்லை. தாடிதான் பிரச்சினை. சவரம் செய்யாமல் வண்டி எடுக்கக்கூடாது என்று ஹோட்டல் மேலாளர் குதித்தபோது, மேடமே போன் செய்து, அவன் தாடியோடு நன்றாகத்தான் இருக்கிறான், விடுங்கள் என்று சொன்னாராம். எதற்குத் தாடி என்று மேடம் கேட்டதற்கு இவர் சொன்னது ஒரே சொல். "டெம்பிள், மேடம்."

"உங்களுக்காகத்தான் எண்டு சொல்லேல்லையே?"

"வேண்டுதல வெளிய சொன்னாப் பலிக்காது சார்."

நவம்பர் கடைசியில், இனிப் பாடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இன்னும் ஒரே ஒரு நாள் பாடிவிடுகிறேன் என்று மேடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றைக்கு வண்டியிலிருந்து இறங்கும்போது திரும்பி, மெதுவான ஆங்கிலத்தில் இவரிடம் சொன்னார். உனக்கு உள்ளே நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன், மேலாளரிடம் பேசிவிட்டேன், இன்றைக்கு நீ உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கார்மேகம் என் காரின் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்த மண்டபத்துல எல்லா மேசையிலயும் பாட்டில் இருக்கும் சார். கழுத்துல மாலையப் போட்டுக்கிட்டு எப்பிடி உள்ள போறது? அதுவும் அவுகளுக்காகப் போட்ட மாலை. 'நோ மேடம், பார்க்கிங் ப்ராப்ளம்'னு சொல்லிட்டேன். அவுக என் மூஞ்சியவே பாத்தாக. 'ஓகே'ன்னுட்டு உள்ள போயிட்டாக."

பன்னிரண்டு நாள் கழித்து மேடம் இறந்துபோனார். தொண்டைக்கட்டி அல்ல, இருதயம். இவர் சேதுமாதவனிடம் ஓடினார். சாவுக்குப் போனால் மாலையைக் கழற்ற வேண்டும், ரத்த சம்பந்தம் இல்லாத சாவுக்கு மாலையைக் கழற்றக்கூடாது, தொடங்கிய விரதத்தை முடித்தே ஆகவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். ஊரில் இவர் மகள் கனகா கல்யாணமாகி ஏழு வருடத்துக்குப் பிறகு அப்போதுதான் வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். விரதம் முறிந்தால் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று இவர் பயந்தார். அடக்கத்துக்குப் போகவில்லை. யாருக்காக மாலை போட்டாரோ அவரை மண்ணில் வைத்த நேரத்தில், இவர் அறையில் உட்கார்ந்து சரணம் சொல்லிக்கொண்டிருந்தார். விரதம் முடிந்து மாலையைக் கழற்றிய பிறகும், எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் இந்தப் பக்கம் வரவில்லை.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. சேதுமாதவன் மேல், ஐயப்பன் மேல், இந்த மனிதர் மேல், எல்லார் மேலும். "உங்கட சாமி என்ன கண்ணில்லாத சாமியே?" என்று கேட்டுவிட்டேன்.

"அப்பிடிச் சொல்லாதீங்க சார்" என்றார் அவர். "பாட்டக் கேக்க வரலங்குறது ஒண்ணு. ஆனா இவன் வேணும்னே வரல, நம்ம பாட்டு இவனுக்கு ஒரு பொருட்டில்லன்னு நெனச்சுக்கிட்டே அவுக போயிட்டாகளோன்னுதான் தூக்கமே இல்ல. அத மட்டும் சொல்லிப்புட்டா நான் ஊருக்குப் போயிருவேன்."

கல்லறைத் தோட்டத்தில் மரம் குறைவு. வரிசை வரிசையாக இலக்கம் போட்ட சின்னச் சின்னக் கற்கள். மேடத்தின் கல் மட்டும் தனியாகத் தெரிந்தது. கறுப்புக் கருங்கல், பேர், இரண்டு வருடங்கள். சுற்றிலும் ரசிகர்கள் விட்டுப்போன பூக்களும், பிளாஸ்டிக் உறையில் போட்ட படங்களும், மழையில் மை கரைந்த கடிதங்களும் இருந்தன. கார்மேகம் செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட்டு வந்தார். கல்லின் மேல் கிடந்த மணலைக் கையால் தள்ளினார். பிறகு எழுந்து, கார்க் கதவைத் திறந்து பிடிக்கும்போது நிற்பாரே, அப்படி நின்றார்.

"ஆரம்பிங்க சார்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நல்ல வேளை, பக்கத்தில் யாரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். வாயில் வந்தது "டியர் மேடம்." இருபத்திரண்டு வருடப் பழக்கம், வேறு எப்படி வரும்?

கார்மேகம் ஒவ்வொரு வரியாகச் சொன்னார், நான் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். கட்டி என்று கேட்டதும் அவர் பயந்ததை, மாலை போட்டதை, அது என்ன மாலை என்பதை, அந்த மண்டபத்துக்குள் ஏன் வரமுடியவில்லை என்பதை, அடக்கத்துக்கு ஏன் வரவில்லை என்பதை. ஓரிடத்தில் அழகுக்காக, "உங்கள் இசை என் வாழ்வின் ஒளி" என்று நானாக ஒன்றைச் சேர்த்தேன். உடனே என் முழங்கையைப் பிடித்தார். பத்தொன்பது வருடம் மேடத்தை ஏற்றியவருக்கு ஆங்கிலம் பேச வராதே தவிர, காதுக்கு நன்றாக வரும்.

"அப்பிடி நான் சொல்லல சார். அவுக பாட்டு எனக்குத் தெரியாது. ஆனா கேக்கணும்னு ஆச இருந்துச்சுன்னு சொல்லுங்க. நெசமா ஆச இருந்துச்சுன்னு சொல்லுங்க."

சொன்னேன். பாதியில் எனக்கு வெட்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

எல்லாம் முடிந்ததும் அவர் பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் சுக்குத் தண்ணீரை ஊற்றி, கல்லின் தலைமாட்டில் மண்ணில் விட்டார். முகம் தெளிந்திருந்தது. அந்த இரண்டு மாதத்தில் அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. வந்த வேலை முடிந்தது, நல்லபடியாக அவரை ஊருக்கு அனுப்பலாம் என்று நானும் நினைத்தேன்.

அப்போதுதான் பின்னால், "ஜிஞ்சர்!" என்று ஒரு குரல் கேட்டது.

திரும்பினோம். ஒரு வயதான பிலிப்பைன்ஸ்காரர், கையில் வாளியும் துணியும் வைத்திருந்தார். பேர் ரமோன், மேடத்துக்குப் பியானோ வாசித்தவர் என்று சொன்னார். சனிக்கிழமைதோறும் வந்து கல்லைத் துடைப்பாராம். பிளாஸ்க்கைப் பார்த்துத்தான் கார்மேகத்தை அடையாளம் கண்டார். இடைவேளைகளில் அந்தச் சுக்குத் தண்ணீரை அவருக்கும் கொடுப்பாராம் மேடம். என் டிரைவர் போட்டது என்று சொல்லித்தான் கொடுப்பாராம். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ரமோன் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். எதையும் மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை.

அவள் கடைசியாகப் பாடிய அன்று உனக்குப் போட்ட நாற்காலி எனக்கு நேர் எதிரே இருந்தது என்றார். நீ வரவில்லை என்று அவள் கோபப்படவே இல்லை. கறுப்பு உடுப்பும் தாடியும் கோவிலுக்கு என்றால், இந்தச் சாராயக் கடைக்குள் அவன் எப்படி வருவான், எனக்குத்தான் புத்தி இல்லை என்று சிரித்தாள். பிறகு மேலாளரைக் கூப்பிட்டு, பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னாள். ஏசி வீணாகும், தூசு வரும் என்று அவன் சொன்னான். அங்கேதான் என் டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவான், அவன் உள்ளே வராவிட்டால் பாட்டு வெளியே போகட்டும் என்றாள். முதலிலிருந்து அந்தக் கதவைப் பார்த்துத்தான் பாடினாள். கடைசிப் பாட்டை உனக்கென்றே வைத்திருந்தாள். அந்த நேரத்தில் வண்டி வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். பாதிப் பாட்டில் எந்த முட்டாளோ வந்து கதவைச் சாத்திவிட்டான். ஹோட்டல்காரன் எவனாவது இருக்கும். அவள் நிறுத்தாமல் பாடி முடித்தாள். ஆனால் கண் அந்தக் கதவிலேயே இருந்தது. பரவாயில்லை, பாதியாவது கேட்டிருப்பான் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

ரமோனின் கண்கள் நிறைந்துவிட்டன. கார்மேகத்தின் தோளில் கை வைத்து, "நீ கேட்டாய்தானே?" என்று கேட்டார்.

கார்மேகம் அவரைப் பார்த்தார். "எஸ் சார்" என்றார். "வெரி குட் சாங். வெரி குட், சார்."

ரமோன் அவரைக் கட்டிக்கொண்டார். அவளுக்கு அது போதும் என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்கக் குழாய்ப் பக்கம் போனார்.

அவர் போனதும் கார்மேகம் கல்லுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் குனிந்து, "அண்ணை, என்ன செய்யுது?" என்றேன்.

"சாத்துனது நான் சார்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"அன்னைக்குக் காத்துன்னா காத்து, மண்ணக் கொண்டாந்து கொட்டுது. நான் கண்ணாடிய ஏத்திவிட்டு, போன்ல சரணம் போட்டுக்கிட்டே வண்டியக் கொண்டாந்து நிறுத்துறேன். பாத்தா, கதவு ஆவுன்னு தொறந்து கெடக்கு. எந்தப் பய தொறந்து போட்டான், மேடத்துக்குத் தொண்டைக்கு ஆகாதேன்னு எறங்கி ஓடுனேன். ஓடி, இழுத்துச் சாத்திட்டேன் சார். நல்லா இழுத்துச் சாத்திட்டேன்."

நானும் பக்கத்தில் மண்ணில் குந்தினேன்.

"சாத்தும்போது ரெண்டு வரி காதுல விழுந்துச்சு" என்றார். "மேடந்தான் பாடுறாகன்னு தெரியுது. நின்னு கேப்பமான்னுகூட ஒரு நிமிசம் இருந்துச்சு. தூசு உள்ள போயிருமேன்னு சாத்திட்டேன்."

பிறகு அழுதார். அறுபத்தொரு வயது மனிதர், இரண்டு கையையும் அந்தக் கல்லின் மேல் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார். குழாயடியில் ரமோன் திரும்பிப் பார்த்துவிட்டு, வாளியைக் கீழே வைத்து, பக்கத்தில் வராமல் நின்றார். மேடத்தை நினைத்து அழுகிறார் என்று அவர் நினைத்திருப்பார். அதுவும் சரிதானே.

அழுகை ஓய்ந்ததும், எனக்குத் தெரிந்த வேலையைத்தான் நான் கேட்டேன். "அண்ணை, இதையும் அவவிட்டச் சொல்லட்டே?"

அவர் அவசரமாக என் கையைப் பிடித்தார். "வேணாம் சார். பாதியாச்சும் கேட்டுருப்பான்னு நெனச்சுக்கிட்டுத்தான் போயிருக்காக. அப்பிடியே இருக்கட்டும். இத மட்டும் சொல்லிறாதீங்க சார். எப்பவும் சொல்லிறாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று கல்லுக்குக் கேட்காமல் தமிழில் சத்தியம் செய்தேன். துக்கமான இடத்தில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதால் அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். திரும்பி வரும் வழியில் என் பக்கக் கண்ணாடி கீழே இறங்கித்தான் இருந்தது. மணல் காற்று முகத்தில் அடித்தது. அவர் ஏற்றச் சொல்லவில்லை. மறுநாள் விமானம் ஏறினார்.

அவர் போய் எட்டு மாதமாகிறது. கனகாவுக்குப் பெண்பிள்ளை, நன்றாக இருக்கிறது என்று போன் செய்தார். நடைபாதை ஜன்னல் இப்போது நாள் முழுவதும் திறந்தே கிடக்கிறது. நான் அங்கே போய் நிற்பதில்லை, புகைப்பதும் குறைந்துவிட்டது. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை அந்தக் கல்லறைக்குப் போகிறேன். ரமோன் கல்லைத் துடைத்துவிட்டுப் போகும்வரை காத்திருந்து, பிறகு பக்கத்தில் போய் நின்று, "டியர் மேடம்" என்று தொடங்குவேன். கார்மேகத்தின் பேத்தி உட்காரப் பழகிவிட்டாள் என்று சொல்வேன். அவருக்கு முழங்கால் வலி என்று சொல்வேன். இன்னும் எவ்வளவோ சொல்வேன், கதவைப் பற்றி மட்டும் இன்றுவரை வாய் திறக்கவில்லை.